குடுவைத் தண்ணீர்

எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. சப்பாத்தி அளவில் தொடங்கி, ஐப்பசி மழைக்குள் முறம் அளவுக்குப் பரவிவிட்டது. மாடியில் குடியிருந்த ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன். உடனே இறங்கி வந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எப்போது கூப்பிட்டாலும் வந்துவிடுவார். ஸ்டூல் போட்டு ஏறி, சுண்டுவிரலில் வளர்த்து வைத்திருந்த நகத்தால் அந்தத் திட்டைச் சுரண்டி, மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்து பார்த்தார். "பாசின்னு நெனச்சேன். பாசி இல்லம்மா, பூஞ்சை" என்றார். அதற்கு நீளமாக ஒரு பேரும் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சுண்ணாம்போ சிமெண்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவார் என்று நான் கரண்டியும் கையுமாக நின்றேன். வெங்காயம் கருகியதுதான் மிச்சம். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அருவருப்புதான். மரியாதை, நன்றி எல்லாம் அதற்குப் பிறகு வரிசையில் நின்று வரும். நன்றி சொல்ல வேண்டிய விஷயம் இருப்பதுதான் பெரிய இம்சை.

எனக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். வீட்டுக்காரர் சார்ஜாவில். மகள் நஸ்ரீனைத் தஞ்சாவூரில் படிக்கவைக்க வேண்டும் என்று வீடு தேடினேன். போனில் வீடு காலியாக இருக்கிறது என்பார்கள். நேரில் போய் நின்றால், என் தலை முக்காட்டைப் பார்த்த மாத்திரத்தில், நேற்றுதான் ஒருத்தருக்குப் பேசி முடித்தோம் என்பார்கள். இப்படி ஏழு வீடு. எட்டாவது இவர் வீடு, ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில். இவர் என் முக்காட்டையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. கறி சமைப்பீர்களா என்று கேட்கவில்லை. "மாடியில செடி வச்சிருக்கேன், தண்ணி சொட்டும். பரவாயில்லீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அவரை அல்லாஹ் அனுப்பிவைத்த ஆள் என்றே நம்பினேன்.

அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பெங்களூரில் மகனோடு இருந்தார். செடிகளோடு சண்டை போட்டுத் தோற்றுப்போய்த்தான் கிளம்பினேன் என்று அந்த அம்மாவே ஒருதடவை போனில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். மொட்டைமாடி முழுக்கப் பச்சை வலைப் பந்தல். அதன் கீழே நானூறு தொட்டிகள். எல்லாமே புரோமிலியாட் என்கிற ஒரே சாதி. அன்னாசிப்பழத்தின் தலையில் இருக்கிற கொண்டையைப் பார்த்திருப்பீர்கள். அதையே ரத்தச் சிவப்பு, கத்திரிப்பூ நிறம், குறுக்குப் பட்டை, புள்ளி என்று விதவிதமாக நட்டுவைத்தால் எப்படியோ அப்படி. தூரத்திலிருந்து பார்த்தால் அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கிட்டே போகக் கூடாது.

இலைகள் சுற்றிச் சுற்றி அடுக்கி, நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிடும். அவர் அதைக் குடுவை என்பார். அந்தச் செடி குடிப்பது அந்தக் குடுவைத் தண்ணீரைத்தான் என்று சொல்லி, தினமும் காலையில் சொம்பு சொம்பாக ஊற்றி நிரப்பிவைப்பார். பழைய தண்ணீரைக் கொட்டுவது கிடையாது. அதில் செத்த கரப்பான், ஊறிப்போன சருகு, பல்லி முட்டை, சில நாள் ஒரு குட்டித் தவளை. பிளாஸ்கில் ஊற்றி மறந்துபோன பால் மாதிரி நாற்றம். அவர் அதற்குள் விரலை விட்டுத் துழாவி, வந்ததை எடுத்துப் பார்த்துப் பேர் சொல்லிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். அதே கையை மிக்சர் பாக்கெட்டுக்குள் விட்டு ஒரு பிடி எடுத்து, "சாப்பிடுங்கம்மா" என்று நீட்டுவார். நான் நோன்பு என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். வருஷத்தில் எத்தனை மாசம்தான் நோன்பு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

செடியை அடையாளம் சொல்வதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் இலை ஓரத்தில் அந்த நகத்தை ஓட்டுவார். பல் தட்டுப்பட்டால் ஈக்மியா, நியோரெகலியா, பில்பெர்ஜியா பக்கம். வழுவழுவென்று போனால் கஸ்மேனியா, விரீசியா பக்கம். அப்புறம் அடி இலையைத் திருப்பிப் பார்ப்பார், நுனியைப் பார்ப்பார், பூ குடுவைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா தண்டு நீட்டி வெளியே வருகிறதா என்று பார்ப்பார். அவர் ஆரம்பித்துவைத்த வாட்ஸ்அப் குழுவில் எங்கெங்கிருந்தோ போட்டோ அனுப்பி இது என்ன என்று கேட்பார்கள். பல் தேய்த்துக்கொண்டே பதில் போடுவார். தவறிப்போய் ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. தண்ணீர் கேனை நறுக்கிச் செய்த பிளாஸ்டிக் பட்டையில், மார்க்கர் வெயிலில் வெளுத்துப்போகும் என்று பென்சிலால் பேரை எழுதி, தொட்டியில் செருகுவார். செருகிய மறுநிமிஷம் அந்தச் செடிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை முடிந்தது. அதில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கும், இலை பொசுங்கிக் கிடக்கும். பட்டை மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. விவசாயி, அறுபது வயசு இருக்கும். ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கு நடுவே ஒரு தொட்டியை இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார். கல்யாணம் ஆகி வெளிநாடு போன மகள் விட்டுப்போன செடியாம். ஒரு வாரமாக நடுக்குருத்து தளர்ந்துவிட்டது, எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். இவர் குருத்தைப் பிடித்து இழுத்தார். வெண்டைக்காய்க் குழம்பு மாதிரி நூல்விட்டுக்கொண்டு கையோடு வந்துவிட்டது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். இவரோ முகர்ந்து பார்த்துவிட்டு, குருத்தழுகல் என்றார். செடியின் பேரைச் சொன்னார். இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லாத ரகம் என்று சந்தோஷப்பட்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். பட்டையில் பேரை எழுதி, அழுகிய செடிக்குள் செருகி, மரியாதையாக வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அந்த மனுஷன் கேட் பக்கத்தில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு குடுவைக்குள் பார்த்தேன். நூல் நூலாக என்னவோ நெளிந்தது. என் நிழல் பட்டதும் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு அடியில் போய் ஒளிந்தது. என்ன புழு சார் என்று கேட்டேன். லென்ஸை எடுத்துவந்து, ஒரு கரண்டித் தண்ணீரை வெள்ளைச் சாஸரில் விட்டு, நிதானமாகக் குனிந்து பார்த்தார். "ஏடிஸ் ஈஜிப்டி" என்றார். கஸ்மேனியா லிங்குலேட்டா என்று சொல்கிற அதே குரல், அதே நிம்மதி. அன்று காலையில் மட்டும் அந்த மாதிரி இருபது செடிப் பேர் என் காதில் விழுந்திருக்கும். செடியில் வாழ்கிற புழு போலிருக்கிறது, செடிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டுக் கூடையோடு இறங்கிவிட்டேன். இறங்கும்போது பார்த்தேன், சாஸரில் இருந்த தண்ணீரை அவர் பத்திரமாக அந்தக் குடுவைக்குள்ளேயே திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆட்டிய அந்தத் தலையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தார். கெட்டிக்காரப் பெண். என் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை இழுத்துப் பார்த்தார், பாத்ரூம் டிரம்மில் டார்ச் அடித்தார், கொல்லையில் கிடந்த கொட்டாங்கச்சியைக் காலால் கவிழ்த்தார், ஆட்டுக்கல் குழியில் தேங்கியிருந்ததைக் கொட்டச் சொல்லி என்னைக் கண்டித்தார். அப்புறம் மாடிக்குப் போனார். எந்தத் தொட்டிக்கு அடியிலும் தட்டு வைக்கவில்லை, தரையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை என்று பாராட்டினார். செடிக்கு உள்ளேயே தண்ணீர் நிற்கும் என்று யார்தான் நினைப்பார்கள். ஹவுஸ் ஓனர் அரைமணி நேரம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் காட்டினார். அந்தப் பெண் ஒரு சிவப்புச் செடிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். வாசல் கதவில் ஒட்டியிருந்த அட்டையில் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நானூறு செடியின் பேரையும் சொன்ன மனிதர் அந்த ஒரு பேரை மட்டும் சொல்லவில்லை. மறைத்தார் என்றும் சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார்.

பத்து நாளில் நஸ்ரீனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள், மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவர் அவள் சோபாவில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். முழங்கைக்குக் கீழே சிவப்பாகப் பொரிந்திருந்ததை நகத்தால் அழுத்தி, வெளுத்துத் திரும்பச் சிவப்பதைப் பார்த்தார். எனக்கு அந்த நகத்தைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

"டெங்கும்மா" என்றார். "நாளைக்குக் காய்ச்சல் விட்டுடும். விட்டுடுச்சேன்னு இருந்துடாதீங்க. அதுக்கப்புறம்தான் ரத்தத்துல தட்டணு எறங்கும்."

சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனார். சொன்ன மாதிரியே மறுநாள் காய்ச்சல் விட்டது. குழந்தை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். அவர் சொல்லியிருக்காவிட்டால் ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிருப்பேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க என்றார் டாக்டர். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் தட்டணு அறுபதாயிரம். மறுநாள் இருபத்தெட்டாயிரம். ஈறில் ரத்தம் கசிந்தது. தலையணை உறையில் ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் கறை. அவள் அத்தா சார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்து, திரையில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த எல்லா துவாவும் ஓதித் தீர்ந்து, வாய் வெறுமனே அசைந்துகொண்டிருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு டெங்கு போஸ்டர். காலில் வெள்ளை வரி போட்ட கொசு, பக்கத்தில் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும் நூல் மாதிரிப் புழு. அடியில் கொட்டை எழுத்தில் ஏடிஸ் ஈஜிப்டி.

நான் எழுந்து போய் அந்தப் பேரை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்று ஹவுஸ் ஓனர் தன் மச்சானுடைய அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தார். நஸ்ரீனைத் தூங்கவைத்துவிட்டு ஐந்து கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்தேன். மாடிக்குப் போய், ஒரு குடுவை விடாமல், குடுவைக்கு ஒரு கைப்பிடி. கண் எரிந்தது, உள்ளங்கை உரிந்தது, பவுடர் தீர்ந்ததும் இன்னும் ஐந்து கிலோ வாங்கிவந்து போட்டேன். நெளிந்தது எல்லாம் அடங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பிறத்தியார் பொருளை நாசம் பண்ணுகிறோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தோன்றாதது இப்போது என்னவோபோல் இருக்கிறது.

ஒரு வாரத்தில் செடிகளின் நடுக்குருத்து பழுப்பாகி, கூழாகி, நாற்றம் படிக்கட்டு வழியாகக் கீழே வந்தது. அவர் வந்து கேட்பார், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்துவார், அப்போது என்னென்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திவைத்திருந்தேன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக்கூட மேஜைமேல் எடுத்துவைத்திருந்தேன். அவர் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் எப்போதும்போல் மோட்டார் போடச் சொன்னார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஏறிப் போனேன்.

ஒரு தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு, கூழாகிப்போன குருத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் 'குளோரின்' என்று எழுதியிருந்தது. வரிசையாக எல்லாப் பட்டையிலும் அப்படி.

"நான்தான் சார் போட்டேன்."

"தெரியும்மா. பிளீச்சிங் பவுடர்."

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"புழுவுக்குத்தான?" என்று நிமிர்ந்தார். "அதுக்குப் பவுடரே வேண்டாம்மா. மூணு நாளைக்கு ஒருக்கா ஹோஸப் புடிச்சு குடுவைய வேகமா அலசி விட்டா போதும். புழு வெளில விழுந்து செத்துடும். செடிக்கும் நல்லது."

இது முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். தெரியுமே என்றார்.

"அப்பறம் ஏன் சார் செய்யல?"

அவர் யோசித்தார். என்னைச் சமாளிக்க யோசித்ததாகத் தெரியவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எனக்கு மேல கொசு இல்லம்மா. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கேன்."

கள்ளம் ஒன்றும் இல்லாத முகம். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஒரு கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அதோடு விட்டாரா, என்னைக் கிட்டே கூப்பிட்டு, செத்த செடியின் அடியில் காட்டினார். வாழைக்கு வருகிற மாதிரியே சுற்றிலும் பக்கக் கன்றுகள், வெளிர்ப்பச்சையாக, மூக்கை நீட்டிக்கொண்டு நாலு. குருத்து போனால் இப்படித்தான் வெடிக்கும், ஒன்றுக்கு நாலாகிவிடும், சில பேர் இதற்காகவே குருத்தைத் தோண்டி எடுப்பார்கள், நீங்கள் நல்லதுதான் செய்திருக்கிறீர்கள் என்றார். இனி எத்தனை பட்டை எழுத வேண்டும் என்று அவருக்கு ஒரே உற்சாகம். நஸ்ரீன் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வேறு வீடு தேட ஆரம்பித்தேன். மூன்று இடத்தில் பழைய பாட்டையே பாடினார்கள். முழுப் பரீட்சை முடியட்டும், நடுவில் பிள்ளையை அலைக்கழிக்காதே என்றார் அவள் அத்தா. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். அதற்கு மேல் ஹோஸ் ஒன்றுதான் மிச்சம். மூன்று நாளைக்கு ஒருமுறை, அந்த நாற்றத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நானூறு குடுவையையும் நான்தான் அலசினேன். காய்ச்சல் அடித்தாலும் அலசினேன், விருந்தாளி வந்தாலும் அலசினேன். அவர் பின்னாலேயே வந்து புதுக் கன்றுகளுக்குப் பட்டை செருகுவார். அடுத்த வரிசையில் இரண்டு விட்டுப்போச்சும்மா என்று எடுத்துச் சொல்லுவார். செடிகள் கண்பட்டுவிடும்போல் செழித்தன. வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு, என்ன உரம் சார் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள்.

பரீட்சை முடிந்து, ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவானது. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றபோது அவர் இறங்கி வந்தார். நஸ்ரீனுக்கு ஒரு சின்னத் தொட்டி கொடுத்தார், பேர் எழுதிய பட்டையோடு. அவள் வாங்கியதும் நான் பிடுங்கி, குடுவையைக் கவிழ்த்து, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, தொட்டியைக் கேட் ஓரமாக வைத்தேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"கீழ அடுத்து வர்றவங்க கைக்குழந்தைக்காரங்க. இந்த ஹோஸ் வேலைய எப்படிச் செய்யணும்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.

ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் வாய்வரைக்கும் வந்தது. அடுத்து வருகிறவர்களுடைய போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறி, அந்தத் தெரு முனை திரும்புவதற்குள் கூப்பிட்டு, மாடியில் இருப்பது டெங்குக் கொசு என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.